எங்கே நிற்கின்றாய்?

தீயொடு பொரச் செல்வோனுக்கு நீரும் மண்வெட்டியுமே படைக்கலங்கள் என்று பலரும் எண்ணுவர். அவ்விரண்டினும் முதன்மையான படைக்கலங்கள் வேறு இரண்டு உள. ஒன்று, அவன் நிற்கும் இடத்தை அவனைச் சார்ந்தோர் எந்நேரமும் அறிந்திருத்தல். மற்றொன்று, அவன் சொல்வது அவர்க்கும், அவர் சொல்வது அவனுக்கும் ஐயமின்றி விளங்குதல். இவ்விரண்டும் வாய்த்தவன் வெறுங்கையோடு நின்றாலும் தப்பி மீள வழியுண்டு. இவற்றுள் ஒன்று பொய்த்தாலும், தலைக்குமேல் பத்து வானூர்திகள் வட்டமிட்டாலும் அவனைக் காப்பார் இலர். இஃது அணிநயத்திற்காகச் சொல்லப்படும் உரையன்று. பத்தொன்பது உயிர்களைக் கொடுத்து ஒரு நாடு கற்ற பாடம்.

யார்னெல் மலையில் நிகழ்ந்தது

அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்சு நகருக்கு வடமேற்கே யார்னெல் என்றொரு சிற்றூர் உளது. 2013ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் அவ்வூரை அடுத்த மலையில் மின்னல் வீழ்ந்து புதர்க்காடு தீப்பற்றியது. சூன் 30ஆம் நாள், பிரெசுகாட்டு நகரத் தீயணைப்புத் துறையைச் சார்ந்த கிரானைட்டு மலைக்குழு அங்கே பணியில் இருந்தது. இருபதின்மர் கொண்ட அக்குழு, காட்டுத்தீயை நெருங்கி நின்று பொருவதற்கென்றே பயிற்சி பெற்றது. அவருள் ஒருவர், தீயின் போக்கைப் பார்த்துச் சொல்லும் காவலராகத் தனியே வேறிடத்தில் நிறுத்தப்பட்டிருந்தார். மற்றைப் பத்தொன்பதின்மரும் முன்னரே எரிந்தடங்கிய கரிநிலத்தில் இருந்தனர். எரிந்த நிலத்தில் மீண்டும் எரிய ஒன்றுமில்லை. ஆகலின் அஃது அவர்க்குப் பாதுகாப்பான இடம்.

பிற்பகலில், இடிமுகிலினின்று கீழிறங்கிய பெருங்காற்று தீயின் முகத்தைத் திருப்பிவிட்டது. காவல் நின்றவர் தம் இடத்தை விட்டு நீங்க நேர்ந்தது; அவர் ஒருவரே அக்குழுவில் எஞ்சியவர். பத்தொன்பதின்மரும் கரிநிலத்தை விட்டு, கீழேயிருந்த ஒரு பண்ணையை நோக்கிப் புதர் மண்டிய பள்ளத்தில் இறங்கினர். ஏன் இறங்கினர் என்பதைச் சொல்ல அவருள் ஒருவரும் இன்று இல்லை.

மாலை நான்கு மணிக்குப் பின்னர் முப்பது மணித்துளிக்கும் மேலாக அக்குழுவினிடமிருந்து உறுதியான செய்தி ஒன்றும் வந்திலது. அதற்கு முன்னர்ப் பேசிய பேச்சில், முன்பே வகுத்த வழியாகச் செல்வதாக அவர்கள் சொல்லியிருந்தனர். எந்த வழி? எத்திசை? கேட்டோர் தத்தமக்குத் தோன்றியவாறு பொருள் கொண்டனர். குழு கரிநிலத்திலேயே இருப்பதாகப் பலர் கருதிக்கொண்டனர். அன்று பயன்பட்ட கம்பியிலாப் பேசிகள் சிலவும் உரிய முறையில் இசைவுபடுத்தப்படாமல் இருந்தன என்று பின்னர் வந்த ஆய்வறிக்கை கூறுகிறது.

மாலை 4.42 அளவில், தப்பும் வழி அடைபட்டது என்றும், காப்புக் கூடாரங்களுக்குள் புகப்போவதாகவும் குழுவின் இறுதிச் செய்தி வந்தது. தீத்தடுப்பு நீர்மம் சுமந்த மாபெரும் வானூர்தி ஒன்று அந்நேரம் ஆயத்தமாக வானில் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அதனை எங்கே கொட்டுவது? புகை கண்ணை மறைத்தது. ஆட்கள் நிற்கும் இடம் ஒருவர்க்கும் தெரிந்திலது. மணிக்குப் பதினாறு கிலோமீட்டருக்கும் மேலான விரைவில் வந்த தீ, பண்ணைக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் பத்தொன்பதின்மரையும் விழுங்கிற்று. அவர்கள் கிடந்த இடத்தை உறுதியாகக் காண்பதற்கே அதன்பின் ஒன்றரை மணி நேரத்திற்கும் மேலாயிற்று.

இடங்காட்டும் கருவி ஒன்று அவர் இடுப்பில் இருந்திருந்தால் தீ நின்றிருக்கும் என்று கூறுவது பேதைமை. காற்றைக் கருவி தடுத்து நிறுத்தாது. ஆனால் அந்த முப்பது மணித்துளியில், கரிநிலத்தினின்று ஒரு புள்ளி நகர்ந்து பள்ளத்தில் இறங்குவதைத் தலைமையிலிருந்த ஒருவரேனும் கண்டிருக்கக் கூடும். ஏன் இறங்குகின்றீர் என்று ஒரு வினாவேனும் எழுந்திருக்கக் கூடும். வானூர்திக்குக் கொட்டும் இடம் புலப்பட்டிருக்கக் கூடும். அந்த வாய்ப்புகளுள் ஒன்றுகூட அவர்க்குக் கொடுக்கப்படவில்லை என்பதே இங்குள்ள குற்றம். அஞ்சலில் செல்லும் ஒரு பொதி எந்த ஊரைக் கடந்து போகிறது என்பதை வீட்டிலிருந்தே அறியும் ஏந்து அந்நாட்டில் அன்றே இருந்தது. பொதிக்குக் கிடைத்த காவல், தீமுன் நின்ற மாந்தனுக்குக் கிடைக்கவில்லை!

பாடம் புதியதன்று

இதே வினா அறுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே எழுந்ததாகும். 1949ஆம் ஆண்டு ஆகத்து 5ஆம் நாள், மொன்டானா மாநிலத்தின் மேன் கல்ச்சு என்னும் பள்ளத்தாக்கில் எரிந்த தீயை அணைக்கப் பதினைவர் வான்குடை கொண்டு குதித்தனர். கீழே இருந்த காவலர் ஒருவரும் அவருடன் சேர்ந்துகொண்டார். அவர்களுடன் வீசப்பட்ட கம்பியிலாப் பேசியின் வான்குடை விரியவில்லை. பேசி தரையில் மோதிச் சிதறியது. வெளியுலகத் தொடர்பு அக்கணமே அற்றது.

தீ அவர்களைத் துரத்தி மேட்டில் ஏறியது. குழுத்தலைவர் ஒரு புதுவழி கண்டார். தம் முன்னிருந்த புல்லைத் தாமே கொளுத்தி, அது எரிந்த வெற்றிடத்தில் படுத்துக்கொண்டு, அதனுள் வருமாறு மற்றவரை அழைத்தார். தீயின் இரைச்சலில் அவர் சொன்னது சிலர்க்குக் கேட்கவில்லை. கேட்டவர்க்கும் அதன் பொருள் விளங்கவில்லை. தீக்கு அஞ்சி ஓடுங்கால் ஒருவர் புதிதாகத் தீ வைப்பது ஏன் என்று எவர்க்குத்தான் விளங்கும்? தலைவர் பிழைத்தார், மலைமுகட்டின் பாறைப் பிளவொன்றின் வழியே ஏறிய இருவர் பிழைத்தனர், பதின்மூவர் மாண்டனர். கருவி உடைந்தது ஒரு கேடு. சொல் சென்று சேராதது மற்றொரு கேடு. இரண்டும் ஒரே நாளில் ஒரே மலைச்சரிவில் கூடி நின்று கொன்றன.

சொல் பற்றிய பாடத்தை அந்நாட்டினர் 1970ஆம் ஆண்டில்தான் உளங்கொண்டனர். அவ்வாண்டு கலிபோர்னியாவில் பதின்மூன்று நாள்கள் எரிந்த தீக்குப் பதினாறு உயிர்கள் இரையாயின. எழுநூறு அளவிலான கட்டடங்கள் அழிந்தன. உதவிக்கு வந்த தீயணைப்புத் துறைகள் பல. ஒன்றன் பேசி மற்றொன்றன் பேசியோடு இணையவில்லை. அதனினும் கொடிது, ஒருவர் சொல் மற்றவர்க்கு வேறு பொருள் தந்தது. ஒரே பொருளுக்கு ஊருக்கொரு பெயர். ஒரே பெயருக்குத் துறைக்கொரு பொருள். எண்களால் ஆன மறைகுறிகளைச் சொல்லிப் பேசும் வழக்கமும் இருந்தது; ஓர் எண் ஒரு துறையில் ஒன்றையும் வேறொரு துறையில் மற்றொன்றையும் குறித்தது.

ஆகலின், பயர்சுகோப்பு என்னும் பெயரில் அமைந்த கூட்டுத் திட்டம் கருவிகளை மட்டும் ஆராயவில்லை, சொற்களையும் ஆராய்ந்தது. மறைகுறி எண்களை விலக்கித் தெளிந்த சொற்களாலேயே பேச வேண்டும் என்றும், ஒரு பொருளுக்கு எல்லாத் துறையினரும் ஒரே பெயரை ஆள வேண்டும் என்றும் வகுத்தது. பின்னர் 2006ஆம் ஆண்டு தொட்டு, பல துறைகள் கூடிப் பணியாற்றும் இடங்களில் எளிய தெளிமொழியைக் கையாள்வது நடுவணரசின் நிதி பெறுவதற்கான கட்டளைகளுள் ஒன்றாகவே ஆக்கப்பட்டது.

சொல்லாய்வு என்பது திண்ணையில் அமர்ந்த புலவரின் பொழுதுபோக்கு என்று எள்ளுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். வேரும் பொருளும் விளங்கும் சொல்லைத் தேடுவது வீண்வேலை என்பார்க்கு, புகைக்குள் நிற்கும் ஒருவனே விடை சொல்வான். அவனுக்கு ஒரு சொல்லின் பொருளைச் சிந்தித்துத் தெளியும் நேரம் இல்லை. காதில் விழுந்த அளவிலேயே விளங்கும் சொல்லே அவனைக் காக்கும்.

கருவியால் ஆவது என்ன?

இடங்காட்டும் கருவியைப் பற்றிப் பலர்க்கும் ஒரு மயக்கம் உண்டு. வானில் ஏறத்தாழ இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் குறிகளைக் கருவி பெறுகிறது. குறைந்தது நான்கு கோள்களின் குறிகளை ஒப்பிட்டுத் தன் இடத்தைக் கணிக்கிறது. அவ்வளவே. கருவி தன் இடத்தைத் தான் அறிகிறதேயன்றி, அக்கோள்கள் அதனைப் பிறர்க்குச் சொல்வதில்லை. இருட்டறையில் இருப்பவன் தான் இருக்கும் மூலையைத் தான் அறிந்தால் வெளியில் இருப்பவனுக்கு யாது பயன்? அறிந்ததை அனுப்புவதற்கு வேறொரு வழி வேண்டும்.

அவ்வழிகள் பல. கைப்பேசிக் கோபுரம் ஒன்று. ஆனால் காட்டுத்தீ எரியும் மலைகளில் கோபுரங்கள் அரிது, இருப்பனவும் தீயில் கருகும். கையில் ஏந்தும் கம்பியிலாப் பேசி மற்றொன்று. அதன் அலை மலைமுகட்டைத் துளைத்துச் செல்லாது. ஆகலின் உயர்ந்த இடத்தில் நின்று அலையை வாங்கி மீள அனுப்பும் நிலையங்கள் வேண்டும். தாழப் பறக்கும் செயற்கைக்கோள்களுக்கு நேரே செய்தி அனுப்பும் கருவி மூன்றாவது; கோபுரம் இல்லாத காட்டிலும் அது பயன்படும், ஆனால் வானம் திறந்திருக்க வேண்டும். அருகருகே நிற்போரின் கருவிகளே ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தியைக் கைமாற்றிக் கடைசியில் தலைமைக்குச் சேர்க்கும் வலைமுறை நான்காவது. எந்த ஒன்றும் தனித்து நிறைவுடையதன்று. இரண்டேனும் சேர்ந்திருத்தல் வேண்டும்.

இதனால் விளையும் நன்மை ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கம்பியிலாப் பேசியின் ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே பேசவியலும். தீ பெருகும் நேரத்தில் நூறு குரல்கள் அத்தடத்திற்கு முட்டிமோதும். தாம் நிற்கும் இடத்தைச் சொல்வதற்கே ஒவ்வொருவரும் வாய் திறந்தால், உயிர் காக்கும் எச்சரிக்கை உள்ளே புக இடமிராது. இடத்தைக் கருவி சொல்லிவிட்டால், குரல் தன் உரிய பணிக்கு விடுதலை பெறும். கருவி பேச்சின் இடத்தைப் பறிப்பதன்று. பேச்சுக்கு இடம் தருவது.

காலந்தாழ்த்தும் அரசும் கணக்குப் பார்க்கும் நிறுவனமும்

அறிவியல் கைக்கெட்டிய பின்னரும் அரசுகள் அதனைத் தீயணைப்போன் கைக்குச் சேர்ப்பதில்லை. 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் நியூயார்க்கு நகரில் 343 தீயணைப்போர் மாண்டனர். தெற்குக் கோபுரம் காலை 9.59க்கு வீழ்ந்தது, வடக்குக் கோபுரம் 10.28க்கு வீழ்ந்தது. இடையில் இருபத்தொன்பது மணித்துளி. வடக்குக் கோபுரத்தை விட்டு வெளியேறுமாறு பிறந்த கட்டளை உள்ளே இருந்தோர் பலர் செவிக்கு எட்டவில்லை. காவல் துறையின் சுழலூர்தியில் இருந்தோர் கண்டு சொன்ன எச்சரிக்கை, தீயணைப்புத் தலைவர்களை நேரே சென்றடைய வழியில்லை. இரு துறைகளும் ஒரே தடத்தில் பேசவில்லை. இடருதவித் துறைகளுக்கென்று தனி அலைவரிசையும் தனி வலையமைப்பும் வகுக்கும் சட்டம் 2012ஆம் ஆண்டில்தான் பிறந்தது. பதினோர் ஆண்டுகள்!

யார்னெல் நிகழ்ச்சியை ஆராய்ந்த குழு, ஆட்களின் இருப்பிடத்தை அறியும் கருவிகளை ஆராயுமாறு 2013ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. பெருங்காட்டுத்தீக்களில் பணியாற்றுவோர் நிற்கும் இடத்தைத் தொலைவிலிருந்து அறியும் அமைப்பை இரண்டாண்டுகளுக்குள் உருவாக்க வேண்டும் என்று நடுவணரசின் துறைகளுக்குச் சட்டத்தின்வழிக் கட்டளையிட்டது 2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில். ஆறாண்டுகள்!

இடையில் 2018ஆம் ஆண்டில் வேறொரு கூத்து. கலிபோர்னியாவில் அதுவரை காணாத பெருந்தீ ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அங்கே தொடர்புப் பணிக்கென நின்ற தீயணைப்புத் துறை ஊர்தியின் இணைய விரைவை, வரையறுத்த அளவுக்கு மேல் பயன்படுத்திவிட்டதாகச் சொல்லித் தொலைப்பேசி நிறுவனம் ஒன்று இருநூற்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. தீயின் நடுவே நிற்போரிடம், கூடுதல் கட்டணமுள்ள திட்டத்திற்கு மாறுமாறு கூறப்பட்டது. பின்னர் அந்நிறுவனம் அது பிழை என்று ஒப்புக்கொண்டது. பிழையை ஒப்புக்கொள்வது நன்றே. ஆயினும் உயிர்காக்கும் தொடர்பை வணிகனின் கணக்கேட்டில் ஒரு வரியாக வைத்திருக்கும் முறையே பிழை அன்றோ? மழைக்குக் குடை வாடகைக்கு விடலாம். மூழ்குவோனுக்கு வீசும் கயிற்றை வாடகைக்கு விடலாமா?

எச்சரிக்கை மூன்று

கருவியைப் போற்றுவோர் அதன் குறைகளையும் அறிந்து போற்ற வேண்டும்.

முதலாவது, பழைய புள்ளி பொய்ப்புள்ளி. தொடர்பு அறுந்த கருவியின் கடைசி இடம் திரையில் அப்படியே நிற்கும். அரைமணி நேரத்திற்கு முன் நின்ற இடத்தை இப்போது நிற்கும் இடமாகக் கொள்வது, யார்னெலில் நேர்ந்த மயக்கத்தையே கருவியின் பெயரால் மீளச் செய்வதாகும். ஒவ்வொரு புள்ளியும் தன் வயதைத் தானே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, திரை கண்ணாகாது. மேட்டில் நிற்கும் காவலர், அறாத தொடர்பு, தப்பும் வழி, காப்பிடம் ஆகிய நான்கும் இன்றித் தீமுனைக்குச் செல்லலாகாது என்பது காட்டுத்தீ அணைப்போர் நெடுநாளாகக் கைக்கொண்டுள்ள நெறி. மின்கலம் தீரும், கருவி வெப்பத்தில் கெடும். கருவி வந்துவிட்டது என்று காவலரைக் குறைக்கும் அரசு, ஒரு கண்ணைக் கொடுத்து மற்றொரு கண்ணைப் பிடுங்குகிறது.

மூன்றாவது, புள்ளி தீமுனையில் நிற்போனுக்கே முதலுரிமையாக விளங்க வேண்டும். தலைநகரில் அமர்ந்த அலுவலர் மட்டும் பார்த்து, ஏன் அங்கே நின்றாய், ஏன் இங்கே அமர்ந்தாய் என்று பின்னர் உசாவித் தண்டிப்பதற்கு அது பயன்பட்டால், தொழிலாளி அதனை அணைத்து வைப்பான். அணைத்த அன்றே தீ வரும். பக்கத்துச் சரிவில் யார் நிற்கிறார் என்பதை அடுத்த சரிவில் நிற்பவன் தன் கையிலேயே காண வேண்டும். காவலுக்கான கருவி வேவுக்கான கருவியாதல் கூடாது.

குரங்கணி கேட்கும் வினா

இவ்வளவும் தொலைநாட்டுக் கதை என்று தமிழர் வாளாவிருக்க இயலாது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், மலையேறச் சென்றோர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரவு கவிந்த சரிவில், தீக்காயம் பட்டோர் ஆங்காங்கே கிடக்க, அவர்களைத் தேடிக் காண்பதே பெரும்பாடாயிற்று. வான்படையின் சுழலூர்திகளும் அழைக்கப்பட்டன. ஆயினும் முதலில் மேலேறிச் சென்று கைகொடுத்தோருள் அம்மலையடி மக்கள் இருந்தனர். ஓடை எது, ஒற்றையடிப் பாதை எது என்று அவர் கால்கள் அறிந்திருந்தன.

இன்று, இந்தியக் காட்டு அளவாய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீ தோன்றிய இடங்களைக் கண்டு, மாநிலக் காட்டுத்துறையினர்க்குக் கைப்பேசிச் செய்தியாக அனுப்பி வருகிறது. நன்று. ஆனால் வானத்துக் கண் தீ எங்கே என்று சொல்லும். தீயை அணைக்கச் சென்றவன் எங்கே என்று சொல்லாது. அக்கண்ணின் ஒரு புள்ளி ஏறத்தாழ 375 மீட்டர் அகலம் உடையது. அந்த அகலத்திற்குள் ஓர் ஓடையும் ஒரு பாறையும் பத்து ஆட்களும் அடங்கிப் போவர். தழைக்கொத்தால் தீயை அடித்து அணைக்கும் காட்டுக்காவலர்க்கும், அவர்க்கு உதவியாகச் செல்லும் மலைவாழ் மக்களுக்கும், கையிலொரு பேசியும் இடுப்பிலொரு இடங்காட்டியும் அரசு தரும் கொடையல்ல. அவர் உயிருக்கு அரசு பட்ட கடன்.

அக்கருவி எம்மொழியில் பேசும் என்பதும் சிறு வினாவன்று. அயன்மொழிக் குறுஞ்சொற்களும் வெறும் எண்களும் நிரம்பிய திரையைப் புகையின் நடுவே பார்த்துப் பொருள் தெளிய யாரால் இயலும்? மலையில் பிறந்தவன் ஓர் ஓடையை, ஒரு முகட்டை, ஒரு பாறையை அதன் பெயரால் அறிவான், எண்ணால் அறியான். அப்பெயர்களோ நிலப்படங்களில் பெரும்பாலும் இல்லை. அம்மக்களிடம் கேட்டு, அப்பெயர்களை அவர் வழங்குமாறே தமிழில் எழுதி நிலப்படத்தில் ஏற்றுவது, பேரறிஞர் குழு அமைத்துப் பல கோடி செலவிட்டுச் செய்யவேண்டிய செயலன்று. ஓராண்டு உழைப்பும் கேட்கும் செவியும் போதும். கருவி எண்ணைக் கணிக்கட்டும். திரை பெயரைச் சொல்லட்டும். தீமுனையில் ஆள வேண்டிய சொற்களையும் தீயணைப்புத் துறை, காட்டுத்துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஆகிய நான்கும் கூடியமர்ந்து, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று வரையறுத்துப் பயிற்சியில் ஊட்ட வேண்டும். பின்வாங்கு என்றால் எங்கே, எவ்வழியாக என்பது கேட்ட அளவிலேயே விளங்க வேண்டும்.

பிறநாடுகள் பிணங்களை எண்ணியபின் சட்டம் இயற்றின. அவ்வழியே சென்று மீளக் கற்கவேண்டிய கட்டாயம் எவர்க்கும் இல்லை. காட்டுக்குள் ஒருவனை அனுப்புவோன், அவன் நிற்கும் இடத்தை அறியவும் அவன் சொல்லைக் கேட்கவும் வழிசெய்த பின்னரே அனுப்புக. அது செய்யாமல் அனுப்பிவிட்டு, மாண்டபின் மாலையிட்டு வீரன் என்று போற்றுவது, உயிரோடிருந்த நாளில் அவனுக்கு இழைத்த கேட்டை மலரால் மூடுவதேயாகும். எங்கே நிற்கின்றாய் என்னும் வினாவுக்கு விடை வரும் வழியை இன்றே அமைக்க வேண்டும். விடை சொல்ல வேண்டியவன் உயிரோடிருக்கும்போதே அமைக்க வேண்டும்.